அஜந்தா ஓவியங்கள்: படியும் மூலமும்

இந்திய ஓவியத்தின் வரலாற்றைக் கற்கப் புகும் மாணவன் முதலிற் கேட்கும் பெயர்களுள் அஜந்தா ஒன்று. நீலோற்பல மலரை வலக்கையில் ஏந்தி, தலையைச் சற்றே சாய்த்து, கீழ்நோக்கிய கண்களுடன் நிற்கும் போதிசத்துவரின் உருவத்தை அவன் பாடநூல்களிலும் நாட்காட்டிகளிலும் பலமுறை கண்டிருப்பான். அவ்வுருவம் பதுமபாணி எனப்படும் என்பதையும், முதலாங் குகையில் உள்ளது என்பதையும், கி.பி. 5 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதையும் பரீட்சைத்தாளிற் பிழையின்றி எழுதவும் அவன் வல்லவனாவான். ஆயினும், அவன் கண்டது அச்சிட்ட ஒரு தாளே. அத்தாளுக்கும் குகைச் சுவருக்கும் இடையிலுள்ள வேறுபாடு அளவும் நிறமும் பற்றியது மாத்திரந்தானா, அன்றி அறிவையே மாற்றவல்ல வேறுபாடா என்பது சிந்தித்தற்குரிய வினா. இவ்வினாவுக்கு விடைகாண அஜந்தாவின் கடந்த இருநூறு ஆண்டு வரலாறு பெரிதும் உதவுகின்றது. அங்கே சென்றும் காணாதவர், காணாமலே தீர்ப்புக் கூறியவர், படியெடுக்கச் சென்று தாமே மாறியவர் ஆகிய பலதிறத்தாரையும் அவ்வரலாற்றிலே சந்திக்கலாம்.

முன்னர் ஔரங்காபாத்து என வழங்கி, இப்பொழுது சத்திரபதி சம்பாஜிநகர் எனப் பெயர்பெற்றுள்ள மகாராட்டிர நகரத்துக்கு வடகிழக்கே, ஏறக்குறைய 100 கிலோமீற்றர் தொலைவில், வாகோரா என்னும் சிற்றாறு குதிரைலாட வடிவிலே வளைந்து செல்கின்றது. அவ்வளைவின் செங்குத்தான பாறையிலே முற்றுப்பெற்றனவும் பெறாதனவுமாக 30 குகைகள் குடையப்பட்டுள்ளன. அவற்றுட் சில கிறித்துவுக்கு முற்பட்டவை. பெரும்பாலானவை கி.பி. 5 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாகாடக மன்னன் ஹரிசேனனின் காலத்தில் எழுந்தவை. களிமண்ணுடன் நாரும் உமியும் கலந்து பாறைமீது பூசி, அதன்மேல் மெல்லிய சுண்ணப்பூச்சிட்டு, அது காய்ந்தபின் பசை கலந்த வர்ணங்களால் ஓவியர் எழுதினர். சுவர், தூண், மேற்றளம் எனக் குகையின் உட்புறம் முழுவதையும் ஓவியமாக்குவதே அவர்கள் கருத்து. காலப்போக்கிற் பிக்குகள் நீங்கினர், காடு மூடிற்று, குகைகளுள் மண் குவிந்தது.

1819 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே ஜோன் சிமித் என்னும் ஆங்கிலப் படையதிகாரி வேட்டைக்குச் சென்றவிடத்துக் குகை வாயிலொன்றைக் கண்டார் என்பது வழங்கிவரும் செய்தி. வேட்டைக்கதை எவ்வாறாயினும், பத்தாங் குகையின் தூணொன்றிலே தமது பெயரையும், 28 ஆம் குதிரைப்படையின் பெயரையும், 1819 ஏப்பிரல் 28 என்னுந் திகதியையும் அவர் கீறிச்சென்றார் என்பதில் ஐயமில்லை. குவிந்துகிடந்த மண்ணின்மேல் நின்று கீறியமையால், மண் அகற்றப்பட்ட பின்னர் அவ்வெழுத்து ஆளுயரத்துக்கு மேலே தெரிகின்றது. அவர் கீறியதோ வெறுங் கல்லின்மீதன்று. தூணில் எழுதப்பட்டிருந்த ஓவிய உருவமொன்றின்மீதேயாம். புதிய காலத்தவருள் அஜந்தாவை முதன்முதற் கண்டவர் எனப் போற்றப்படும் அவர், தம் முகத்துக்கு நேரே இருந்த ஓவியத்தைக் காணவில்லை. ஓரிடத்துக்கு நேரிற் செல்லுதல் வேறு, அங்குள்ளதைக் காணுதல் வேறு என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி தொடக்கத்திலேயே உணர்த்திவிடுகின்றது.

கட்டடக்கலை வரலாற்றாசிரியரான ஜேம்ஸ் பேர்கசன் 1839 இல் அங்கு சென்றார். ஓவியங்கள் விரைவில் அழிந்துவிடக்கூடும் என அஞ்சிய அவர், அவற்றைப் படியெடுக்க வேண்டுமென 1843 இல் அரச ஆசியக் கழகத்தின் வாயிலாக வற்புறுத்தினார். கிழக்கிந்தியக் கம்பனி 1844 இல் சென்னை இராணுவத்தைச் சேர்ந்த றொபேட் கில் என்பவரை அப்பணிக்கு நியமித்தது. சில மாதங்களில் முடியக்கூடிய வேலை அன்று அது. காய்ச்சலும் கோடையும் இருளும் ஒருங்கே தடைசெய்த அவ்விடத்திலே கில் பல ஆண்டுகள் உழைத்துப் பெரிய துணிகளில் எண்ணெய்வர்ணப் படிகளைத் தீட்டி இலண்டனுக்கு அனுப்பினார். அவை சிடனம் என்னுமிடத்துப் பளிங்கு மாளிகையிலே காட்சிக்கு வைக்கப்பட்டன. 1866 டிசெம்பரில் அம்மாளிகையிலே தீப்பற்றிற்று. இருபதாண்டு உழைப்பில் ஒரு சில துணிகளே எஞ்சின. கில் அஜந்தாப் பகுதியை விட்டு நீங்காது வாழ்ந்து 1879 இல் மறைந்தார். அவரது கல்லறை அண்மையிலுள்ள புசாவல் நகரில் இருக்கின்றது.

அடுத்து வந்தவர் பம்பாய்க் கலைப்பள்ளியின் ஆசிரியர் ஜோன் கிறிபித்ஸ். அவர் தம் மாணவருடன் 1872 முதல் 1885 வரை இடையிட்டு இடையிட்டுச் சென்று, ஏறக்குறைய 300 படிகளை ஆக்கினார். அவையும் இலண்டனுக்குச் சென்றன. 1885 இல் தென் கென்சிங்டன் நூதனசாலையில் ஏற்பட்ட தீயில் அவற்றுட் பல அழிந்தன. எஞ்சியவற்றைக்கொண்டும் பிற குறிப்புக்களைக்கொண்டும் 1896, 1897 ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட இரு பெருந்தொகுதிகளே நெடுங்காலம் அஜந்தாவை உலகுக்கு அறிமுகஞ் செய்தன.

கிறிபித்ஸ் கண்டு பெற்ற மாற்றம் ஈண்டு கருதத்தக்கது. அக்காலக் கலைப்பள்ளிகளில் இந்திய மாணவருக்கு முன்னால் வைக்கப்பட்டவை கிரேக்க, உரோமச் சிற்பங்களின் சுண்ணவார்ப்புக்கள். மேலைநாட்டு மூலங்களின் படிகளைப் பார்த்து வரைதலே பயிற்சியெனப்பட்டது. அப்பயிற்சியை அளித்துவந்த ஆசிரியரே, பல பருவங்களைக் குகைச் சுவரின் முன்னாற் கழித்தபின், இந்திய மாணவனுக்கு அஜந்தாவினும் சிறந்த பாடம் வேறில்லை என்னும் முடிவுக்கு வந்தார். பதினாறாங் குகையிலுள்ள, இறக்கும் இளவரசி எனப் பெயரிடப்பட்ட ஓவியத்தை, உணர்ச்சியைப் புலப்படுத்துந் திறத்தில் இத்தாலிய ஓவியர் எவராலும் விஞ்சவியலாதது எனவும் மதித்தார். ஓவியத்தை அளந்து வரையச் சென்றவரின் மதிப்பீட்டையே ஓவியம் மாற்றிவிட்டது.

ஆனால், இலண்டனிலும் பிறவிடங்களிலும் படிகளை மட்டுங் கண்டோர் பெற்ற அறிவு எத்தகையது? இதற்கு அவ்விறக்கும் இளவரசியே சான்று. சட்டத்துள் அடங்கிய தனிப்படமாகக் காணும்போது, அது நோயுற்ற பெண்ணொருத்தியைத் தோழியர் தாங்கிநிற்கும் சோகக்காட்சியாகத் தோன்றும். சுவரிலோ அது ஒரு நீண்ட கதையின் பகுதி. புத்தரின் தம்பியாகிய நந்தன் துறவுபூண்ட வரலாறு அங்கே எழுதப்பட்டுள்ளது. துறந்த கணவனின் முடியை ஏவலன் கொண்டுவர, அதனைக் கண்டு சோர்ந்து வீழும் மனைவி சுந்தரியே அப்பெண் எனப் பிற்கால ஆய்வாளர் கொள்வர். முடியேந்திய ஏவலனையும் சுவரின் ஏனைய பகுதிகளையும் சேர்த்து நோக்கினாலன்றி இப்பொருள் புலப்படாது. அவள் இறக்கவில்லை, பிரிவினால் மயங்குகின்றாள். சட்டமிட்டுப் பிரித்தமையால் ஓவியத்தின் பெயரே மாறிவிட்டது.

முதலாங் குகையின் மற்றோர் ஓவியமும் இத்தகையதே. அயல்நாட்டு உடையணிந்தோர் அரசனொருவன் முன்னிலையில் நிற்கும் அக்காட்சியை, சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியிடம் வந்த பாரசீகத் தூது எனப் பேர்கசன் 1879 இல் விளக்கினார். அதனால் அக்குகையின் காலம் 7 ஆம் நூற்றாண்டுவரை பிற்றள்ளப்பட்டது. பிற்காலத்தில் சுவர் முழுவதையும் தொடர்ச்சியாக ஆராய்ந்தோர், அது மகாசுதர்சனன் என்னும் அரசனைப் பற்றிய சாதகக்கதையின் பகுதியெனக் காட்டினர். அஜந்தா ஓவியர் நிகழ்ச்சிகளைப் பெரும்பாலும் காலவரிசையில் அடுக்குவதில்லை. அரண்மனையில் நிகழ்ந்தவை ஓரிடத்திலும் காட்டில் நிகழ்ந்தவை மற்றோரிடத்திலுமாக, இடத்தைப் பற்றியே அமைப்பர். சுவரோரமாக நடந்தும் திரும்பியும் காண்பவனுக்கே அம்முறை விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற்கூட, காணாத கலையைப்பற்றித் தீர்ப்புக் கூறும் வழக்கம் ஒழிந்திலது. 1910 சனவரியில் இலண்டனில் நடந்த கூட்டமொன்றிலே, ஜாவாவிலுள்ள புத்தர் சிலையொன்றின் நிழற்படத்தைச் சுட்டி, சேர் ஜோர்ஜ் பேட்வுட் இழிவாகப் பேசினார். இந்தியாவிலே நுண்கலை எனத்தக்கது இல்லை என்பது அவர் கொள்கை. அதனை மறுத்து எழுந்தோர் அவ்வாண்டிலேயே இந்தியா சங்கத்தை நிறுவினர். கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களுள் ஒருவர். அச்சங்கத்தோடு தொடர்புற்ற கிறித்தியானா ஹெரிங்கம் அம்மையார் 1909 முதல் 1911 வரையான இரு பனிப்பருவங்களில் அஜந்தாவிலே தங்கிப் படியெடுத்தார். பழைய இத்தாலியரின் பசைவர்ண முறையைக் கற்று, அதனைத் தம் கையாற் பயின்றவர் அவர். கல்கத்தாவிலிருந்து நந்தலால் போஸ், அசித் குமார் ஹல்தார், வெங்கடப்பா, சமரேந்திரநாத் குப்தா ஆகிய இளைஞர் அவருக்குத் துணையாகச் சென்றனர். அப்படிகள் 1915 இல் நூலாக வெளிவந்தன.

அந்நூலினும் பெரிய பயன் அவ்விளைஞரிடத்தே விளைந்தது. கல்கத்தாவிற் சிறு தாள்களில் மெல்லிய நீர்வர்ணங்களால் எழுதிப் பழகியவர், அங்கே சுவரளவான உருவங்களை எதிர்நோக்கினர். ஒரு தோளின் வளைவை ஒரே கோட்டில் இழுத்து முடிப்பதற்குக் கை மட்டும் போதாது, முழுவுடலும் அசையவேண்டும் என்பதைச் சுவரின் முன் நின்று படியெடுப்பவனே அறிவான். நந்தலால் 1921 இல் பாக் குகைகளிலும் படியெடுத்தார். பின்னர்ச் சாந்திநிகேதனத்தின் சுவர்களிலே தாமும் மாணவரும் எழுதினர். 1938 இல் ஹரிபுரக் காங்கிரசு மாநாட்டுக்கு அவர் தீட்டிய படங்களிலும் அச்சுவர் தந்த உரம் வெளிப்படுகின்றது. தாளோவியம் மீண்டும் சுவரோவியமாதற்கு அஜந்தாவின் நேர்க்காட்சி ஒரு காரணமாயிற்று.

சப்பானிய ஓவியரும் இவ்வழியே வந்தனர். அராய் கம்போ முதலியோர் 1917, 1918 ஆம் ஆண்டளவில் எடுத்துச்சென்ற படிகள் தோக்கியோவில் வைக்கப்பட்டிருந்தன. 1923 இன் பெருநிலநடுக்கத்திலே அவையும் எரிந்தொழிந்தன. மூன்று முறை படிகள் தீக்கிரையாயின. மூலமோ தன் பாறையிலே இருந்தது.

படியினால் ஏன் மூலத்தின் இடத்தை நிரப்பவியலவில்லை என்பதற்குக் குகையின் அமைப்பே விடைதரும். வெளியே வெயிலில் நடந்து வருபவன் உள்ளே நுழைந்தவுடன் எதையும் காணான். கண் இருளுக்குப் பழகியபின் முதலில் ஒரு முகமும், அடுத்து ஒரு கையும், பின்னர் ஒரு கூட்டமும் ஒவ்வொன்றாகத் தோன்றும். மூக்கின் மேலும் உதட்டின் மேலும் ஓவியர் இட்ட வெண்டீற்றல்கள் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்திலே வெறும் புள்ளிகளாகத் தெரியும். மங்கிய ஒளியிலோ அவற்றால் முகம் சுவரிலிருந்து முன்னெழுந்து நிற்கும். முதலாங் குகையின் கருவறையிலுள்ள புத்தர் சிலையின்மீது விளக்கினை ஒருபுறமிருந்து காட்டினால் முகம் புன்முறுவல் பூத்தது போலவும், மறுபுறமிருந்து காட்டினால் துயருற்றது போலவும், கீழிருந்து காட்டினால் தியானத்தில் ஆழ்ந்தது போலவும் தோன்றும். இதனை வழிகாட்டிகள் காட்டுவது வழக்கம். பதுமபாணியின் உருவமும் அக்கருவறை வாயிலின் ஒரு பக்கத்திலேயே எழுதப்பட்டுள்ளது. மறுபக்கத்தில் மற்றொரு போதிசத்துவர் நிற்கின்றார். உட்செல்வோன் அவ்விருவரின் இடையே, நடுவிலுள்ள புத்தரை நோக்கிச் செல்கின்றான். அவ்வுருவத்தின் தாழ்ந்த பார்வை வழிபட வருபவன்மீது விழுவது. நாட்காட்டியில் அப்பார்வை விழுவதற்கு ஆளில்லை.

நேர்க்காட்சி ஒருவரின் தொழிலையே மாற்றியமைக்கும் என்பதற்கு அம்ரிதா ஷேர்கில் அம்மையாரின் வாழ்க்கை தக்க எடுத்துக்காட்டு. 1913 இல் புடாபெஸ்ட் நகரிற் பிறந்து, பாரிசிலே பயின்று, 1934 இல் இந்தியா திரும்பிய அவர், வங்க ஓவியர் அஜந்தாவைப் பின்பற்றுவதாகக் கூறிக்கொண்டு அதன் புறக்கோட்டை மட்டும் பற்றினர் எனக் குறைகூறியவர். 1936 டிசெம்பரில் அவர் அஜந்தாவையும் எல்லோராவையும் நேரிற் கண்டார். தெற்கே சென்று கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களையுங் கண்டு, குமரிவரை பயணஞ்செய்தார். மறு ஆண்டில் அவர் தீட்டிய மணமகளின் ஒப்பனை, பிரமசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் ஆகிய மூன்று ஓவியங்களும் புதியதொரு நெறியைக் காட்டின. பின்னணியின் ஆழம் சுருங்கிற்று. உருவங்கள் நெருங்கிக் கூட்டமாயின. கரிய மேனியின் திரட்சியும் வெண்ணிற ஆடையின் அகலமும் ஒன்றையொன்று தாங்கின. ஒரே சுவரினின்று நந்தலால் கோட்டினையும் ஷேர்கில் திரட்சியையும் பெற்றனர். காண்பவன் கொண்டுசெல்லும் வினாவுக்கு ஏற்ப மூலம் விடைதரும். படியோ, அதனை எடுத்தவன் கண்டதை மாத்திரமே தரும்.

வரலாற்றறிஞருக்கும் இஃது பொருந்தும். அமெரிக்க அறிஞர் வால்ற்றர் ஸ்பிங் 1950 களிலிருந்து பல பத்தாண்டுகள் அஜந்தாவுக்கு மீண்டும் மீண்டும் சென்றார். உளியின் தடம், முடிவுறாத தூண், கதவு சுழல்வதற்கென வெட்டிய குழியின் வகை முதலியவற்றை ஒப்பிட்டு, பிற்காலக் குகைகள் யாவும் ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்குள், ஹரிசேனனின் ஆட்சியை ஒட்டி எழுந்தன என வாதிட்டார். அம்முடிவினை எல்லோரும் முற்றாக ஏற்கவில்லை. எனினும், படியெடுத்தோர் எவரும் கதவுக்குழியைப் படியெடுக்கவில்லை என்பது நினைக்கத்தக்கது. ஓவியத்தின் காலத்தைக் கூறும் சான்று ஓவியத்துக்கு வெளியே, வாயிற்படியருகே இருந்தது.

இவ்வாறு கூறுவதாற் படிகள் பயனற்றவை எனக் கொள்ளலாகாது. கிறிபித்ஸின் மாணவர் எழுதிய படிகளிலே, இன்று சுவரில் உதிர்ந்துபோன பகுதிகள் சில எஞ்சியுள்ளன. சப்பானிலே ஹோரியுஜி ஆலயத்தின் புகழ்பெற்ற சுவரோவியங்கள், படியெடுக்கும் பணி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1949 சனவரியில் தீயினாற் சிதைந்தன. அங்கே மூலம் கெடப் படிகள் எஞ்சின. மேலும், காணச் சென்றோரே மூலத்துக்குக் கேடு விளைத்ததும் உண்டு. படியெடுப்போர் நிறந் தெளிவாகத் தெரியும்பொருட்டுப் பூசிய வார்னிசு காலப்போக்கிற் கறுத்தது. 1920 அளவில் ஐதராபாத்து நிசாமின் அரசு அழைத்த இத்தாலிய வல்லுநர் உதிரும் பூச்சுக்களை நிலைநிறுத்தினர். ஆனால், அவர்கள் இட்ட அரக்குப்பூச்சும் பின்னர் மஞ்சளித்தது. அதனை அகற்றும் பணி இந்தியத் தொல்லியற்றுறையினரைப் பல பத்தாண்டுகள் ஈடுபடுத்திற்று. யுனெஸ்கோ நிறுவனம் 1983 இல் அஜந்தாவை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. காண்போரின் மூச்சும் ஈரமும்கூட ஓவியத்தைத் தாக்குவன. ஆகவே, காணும் உரிமையோடு காக்கும் கடமையும் பிரிக்கவியலாதவாறு பிணைந்துள்ளது.

இலங்கை மாணவனுக்கு இவ்வுண்மையைச் சோதித்தறிய அயல்நாடு செல்லவேண்டிய தேவையில்லை. அஜந்தாவின் பிற்காலக் குகைகள் எழுந்த அதே நூற்றாண்டின் இறுதியில், காசியப்ப மன்னன் காலத்தில், சிகிரியாப் பாறையில் எழுதப்பட்ட ஓவியங்கள் எம் நாட்டிலேயே உள்ளன. 1896, 1897 ஆம் ஆண்டுகளில் முகாந்திரம் பெரேரா கயிற்றேணியின் துணையுடன் ஏறி அரிதின் முயன்று எடுத்த படிகளைக் கொழும்பு நூதனசாலை போற்றிவந்துள்ளது. அங்கும் 1967 இல் தீயோர் சிலர் ஓவியங்களின்மீது வர்ணம் பூசிக் கெடுத்தனர். பின்னர் அவை அரிதிற் சீர்செய்யப்பட்டன.

அவ்வோவியங்களின் கீழே உள்ள கண்ணாடிச் சுவரிலே, பெரும்பாலும் 8 ஆம் நூற்றாண்டு முதல் 10 ஆம் நூற்றாண்டு வரை வந்துசென்றோர் தாம் கண்டவற்றைப்பற்றிச் செய்யுள்கள் பொறித்துள்ளனர். கலாநிதி பரணவிதான அவற்றுள் 685 செய்யுள்களைப் படித்து 1956 இல் வெளியிட்டார். துறவியரும் படைவீரரும் மகளிரும் அவற்றைப் பாடியோருள் அடங்குவர். ஒருவர் வியக்கின்றார், மற்றொருவர் அவ்வுருவங்கள் பேசாமைக்கு வருந்துகின்றார், வேறொருவர் முன்வந்தவரின் பாட்டுக்கு மறுமொழி கூறுகின்றார். சிமித்தும் சுவரிற் கீறினார். இவர்களும் சுவரிற் கீறினர். ஆயினும், அவர் ஓவியத்தின்மேல் எழுதியது தாம் வந்தார் என்பதை. இவர்கள் ஓவியத்தைத் தீண்டாது அப்பாலிருந்த சுவரில் எழுதியது தாம் கண்டது இன்னது என்பதை.

எம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் மாணவர் சுற்றுலாச் செல்கின்றனர். படியேறி, நிழற்படம் எடுத்து, உணவுண்டு மீளுதலே பலர் வழக்கம். இன்று அச்சுவரில் எழுதுதல் குற்றம், அது முறையே. ஆனால், குறிப்பேட்டில் எழுதுதலை எவருந் தடைசெய்யவில்லை. பாடநூலில் முன்னர்க் கண்டது யாது, நேரிற் கண்டபோது மாறியது யாது என்று ஒவ்வொரு மாணவனும் அங்கேயே நின்று நான்கு வரிகள் எழுதுவானாயின், அப்பயணம் கல்வியாகும். அதற்குரிய நேரத்தையும் அமைதியையும் மாணவருக்கு அளித்தல் உடன்செல்லும் ஆசிரியரின் கடனாம்.